சைக்கிளும் பூட்டும்

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் இல்லங்களில், குடித்தனம் தொடங்கிய முதல் வருஷத்திலேயே வாங்கப்படும் சாமான்களுக்கு ஒரு ஜாபிதா எழுதுவோமானால், இட்லிப் பானைக்கும் அரிசி டின்னுக்கும் அடுத்தபடியாக அதில் இடம் பெறுவது சைக்கிளாகத்தான் இருக்கும். ஒர்க்ஷாப்புக்கும் ஆபீஸுக்கும் செல்வோர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வீடு வீடாய்ப் பலகாரம் விற்போர் ஆகிய அனைவரையும் சுமந்து செல்வது அந்த எளிய வாகனமே. அது பெட்ரோல் கேளாது, லைசென்ஸ் கேளாது, வாரம் ஒரு முறை காற்றும், மாதம் ஒரு முறை எண்ணெயும் கொடுத்தால் போதுமென்று இருந்துவிடும்.

2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி சைக்கிள் வைத்திருக்கின்றன. நாம் வாழும் மேற்கு வங்காளத்திலோ, ஐந்து குடும்பங்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நான்கு குடும்பங்களுக்குச் சைக்கிள் உண்டு. 2015-ல் இம்மாநில அரசு தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டம் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியர் கையில் சைக்கிளைக் கொடுத்தது. நம் கரக்பூரைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ரயில்வே காலனிச் சாலைகளிலும், 1951-ல் தொடங்கப்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்திலும், ஸ்டேஷன் வாசலிலும் கண்ட இடமெல்லாம் சைக்கிள்தான். சைக்கிள் மிகுந்த இடத்தில் சைக்கிள் களவும் மிகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எங்கள் காலனியில் முறுக்கும் அதிரசமும் சைக்கிளில் வைத்து விற்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், கோல் பஜாரில் வண்டியை நிறுத்தி எண்ணெய் வாங்கக் கடைக்குள் சென்றவர், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். பின்சக்கரப் பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார். சாவி மட்டும் அவரிடம் இருந்தது. பூட்டும் வண்டியும் சேர்ந்தே போய்விட்டன. வேறு வண்டி வாங்கப் பணம் புரட்டும் வரை பதினேழு நாட்கள் அவர் வியாபாரம் நின்றது. அந்தப் பதினேழு நாளையக் கடன், மகளின் பள்ளிக் கட்டணத்திற்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையை விழுங்கிற்று.

வாங்கிய விலையை மட்டும் பார்த்தால் சைக்கிள் சிறிய பொருள்தான். அது ஈட்டித் தரும் கூலியைப் பார்த்தால்தான் அதன் மதிப்புப் புரியும். இத்தாலி தேசத்து டைரக்டர் விட்டோரியோ டி சிகா 1948-ல் எடுத்து, 1952-ல் நம் நாட்டின் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட 'சைக்கிள் திருடர்கள்' என்னும் படத்தின் கதையும் இதுவே. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து மீட்ட சைக்கிள், சுவரொட்டி ஒட்டும் வேலையின் முதல் நாளிலேயே களவு போகிறது. நம் அண்ணாச்சிக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, எந்தப் பூட்டு வாங்குவது, அதை எப்படிப் பூட்டுவது, மீறிக் களவு போனால் என்ன செய்வது என்னும் மூன்று விஷயங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எந்தப் பூட்டு?

முதலாவது, சைக்கிளோடு சேர்ந்தே வரும் பின்சக்கர வளையப் பூட்டு. இது சக்கரத்தைச் சுழலாமல் தடுக்குமேயன்றி, வண்டியை ஓரிடத்தில் கட்டிப்போடாது. பின்புறத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு முன்சக்கரத்தில் உருட்டிச் செல்லலாம். ஒரு தள்ளுவண்டி இருந்தால் அதுவும் வேண்டாம். கண்ணெதிரே இரண்டு நிமிஷம் நிறுத்துவதற்கு மட்டுமே இப்பூட்டு ஏற்றது. அண்ணாச்சியின் பூட்டு இந்த ஜாதிதான்.

இரண்டாவது, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவடப் பூட்டு. பார்வைக்குக் கட்டைவிரல் பருமன் இருக்கும். உறையை உரித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய கம்பிகளை முறுக்கிய வடம்தான் உண்டு. கம்பி வெட்டும் கத்திரியால் சில வினாடிகளில் அறுபடும். இதிலேயே எண் பூட்டு என்று ஒன்று உண்டு. மூன்று எண்கள் உள்ளதற்கு ஆயிரம் சேர்க்கைகள். நான்கு எண்கள் உள்ளதற்குப் பத்தாயிரம். எண்ணிக்கை பெரிதாய்த் தோன்றினாலும், மலிவான எண் பூட்டுகளில் வடத்தை இழுத்துப் பிடித்தபடி சக்கரங்களை ஒவ்வொன்றாய்த் திருப்பினால், சரியான எண் வரும்போது கைக்கே தெரிந்துவிடும். கம்பிவடத்தை இரண்டாவது துணைப் பூட்டாக, சக்கரத்தையோ கூடையையோ கட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சங்கிலியும் தொங்கு பூட்டும். நம் திண்டுக்கல்லையும், வடக்கே அலிகாரையும் பூட்டுக்குப் பேர் போன ஊர்கள் என்று அறியாதார் இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பூட்டு உயர்ந்ததாயிருந்து சங்கிலி மட்டமானதாயிருந்தால் திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். கடப்பட்ட உருக்கினால் செய்த சங்கிலியையே கேட்டு வாங்க வேண்டும். இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. பழைய அரம் ஒன்றைக் கையோடு கொண்டு சென்று, கடைக்காரரின் அனுமதியோடு, கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாதாரண இரும்பானால் அரம் பிடித்துச் சுரண்டும். கடினப்படுத்திய உருக்கானால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். கண்ணியின் பருமன் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமலும், தொங்கு பூட்டின் வளைவு சங்கிலியைவிட மெலியாமலும் இருப்பது நன்று.

நான்காவது, 'யு' எழுத்தைப்போல் வளைந்த கெட்டி உருக்குப் பூட்டு. சாதாரண சைக்கிளுக்கு இதைவிடச் சிறந்தது அரிது. பன்னிரண்டு முதல் பதினான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியும், இரு முனைகளிலும் தாழ் விழும் அமைப்பும் உள்ளதாகப் பார்த்து வாங்குக. ஒரு முனையில் மட்டும் தாழ் விழுந்தால் ஓரிடத்தில் வெட்டியதும் கம்பியைத் திருகிக் கழற்றிவிடலாம். இரு முனையிலும் விழுந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும்.

சாவியையும் கவனிக்க வேண்டும். குழாய் வடிவில் வட்டமாயிருக்கும் மலிவான சாவிப் பூட்டைத் தவிர்ப்பது நலம். 2004-ல் அமெரிக்காவில், பேர் பெற்ற கிரிப்டோனைட் கம்பெனியின் இவ்வகைப் பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் குழாயைச் செருகித் திறந்து காட்டினார்கள். அக்கம்பெனி பூட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பூட்டுகளை மாற்றித் தர நேர்ந்தது. பிரிட்டனில் 1992-ல் ஏற்பட்ட 'சோல்ட் செக்யூர்' என்னும் அமைப்பு, பூட்டுகளை உடைத்துச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. அத்தகைய முத்திரை பெற்ற பூட்டு கிடைத்தால் நம்பி வாங்கலாம். கிடைக்காவிடில் எடையும், உருக்கின் தன்மையும், சாவியின் வகையுமே நமக்கு அளவுகோல்.

சைக்கிளின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது பூட்டுக்குச் செலவிட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் அபிப்பிராயம். ஆறாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு அறுநூறு ரூபாய்ப் பூட்டு என்றால் சிலர் முகம் சுளிப்பர். நூறு ரூபாய்ப் பூட்டைப் போட்டு ஆறாயிரத்தை இழப்பதைவிட அது லாபந்தான். மின்சார அறுவை யந்திரத்தின் முன் எந்தப் பூட்டும் நெடுநேரம் நில்லாது என்பதும் வாஸ்தவமே. பூட்டின் வேலை திருடனுக்கு நேரத்தை இழுப்பதும் சத்தத்தை எழுப்புவதுமாகும். பகலில், ஜனநடமாட்டமுள்ள இடத்தில், அவ்விரண்டும் அவனுக்குப் பரம விரோதிகள்.

எப்படிப் பூட்டுவது?

நல்ல பூட்டைத் தவறாகப் பூட்டினால் பயனில்லை. சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினால், நட்டைக் கழற்றிச் சக்கரத்தை நமக்கு விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோவர். வண்டியின் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத பொருளொன்றில் பிணைக்க வேண்டும். அந்தப் பொருளையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். இளங்கன்று மரமும், தலைப்பக்கம் திறந்த குட்டைக் கம்பமும், துருப்பிடித்த வேலியும் உதவா.

சங்கிலி தரையில் கிடக்கும்படி பூட்டலாகாது. தரையில் கிடந்தால் வெட்டுக் கத்திரியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறு பிடியின்மேல் உடல் பாரத்தை ஏற்றி அழுத்துவது எளிது. பூட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. இடைவெளியில்தான் கடப்பாரை நுழையும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும். மழைநீரும் இறங்காது, திருடனுக்கும் வாகாயிராது. இரு வேறு வகைப் பூட்டுகளைப் போட்டால், திருடனுக்கு இரு வேறு கருவிகள் வேண்டியிருக்கும். பூட்டு தடையின்றித் திறக்க, அதிக எண்ணெய்க்குப் பதில் சிறிது கிராஃபைட் தூளை உபயோகித்தால் தூசி சேராது.

வீட்டு வராந்தாவும் மாடிப்படிக்குக் கீழுள்ள இடமும் பத்திரமானவை என்று எண்ணிப் பூட்டாமல் விடுவோர் பலர். இரவெல்லாம் திருடனுக்கு அவகாசம் கிடைப்பது அங்கேதான். ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டி வைப்பதே முறை.

தினமும் ஹௌராவுக்கு லோக்கல் ரயிலில் சென்று வருவோர் ஸ்டேஷன் அருகே ஸ்டாண்டில் வண்டியை விடுகின்றனர். கூலி வாங்கிக்கொண்டு வண்டியை ஒப்புக்கொள்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகக் காப்பானோ அவ்வளவு கவனத்தோடு அதைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ம் பிரிவு கூறுகிறது. 'சொந்தப் பொறுப்பு' என்று டோக்கனில் அச்சடித்திருந்தாலும் மனம் சோர்ந்து போக வேண்டாம். 2019-ல் ஹோட்டலொன்றில் ஒப்படைத்த கார் களவுபோன வழக்கில், அத்தகைய வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் டோக்கனைத் தொலைத்துவிட்டால் நம் பக்கம் பேச ஆதாரம் இராது. டோக்கனைக் கூடையில் போட்டுவிட்டுப் போவது வண்டியைத் திருடனுக்குத் தானம் செய்வதற்குச் சமம்.

ஊரிலிருந்து சைக்கிளை ரயிலில் கொண்டுவருவோருக்கும் ஒரு வார்த்தை. வண்டியை லக்கேஜாகவோ பார்சலாகவோ பதிவு செய்து ரசீது பெறுக. பதிவு செய்து ரசீது தரப்படாத லக்கேஜ் தொலைந்தால் ரயில்வே பொறுப்பாகாது என்பது 1989-ம் வருஷத்திய ரயில்வே சட்டத்தின் 100-ம் பிரிவு சொல்லும் பொது விதி. பெயரும், விலாசமும், புறப்படும் ஸ்டேஷனும், சேரும் ஸ்டேஷனும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுக. மணி, விளக்கு, பம்பு முதலியவற்றைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்க.

எண்ணின் மகிமை

ஒவ்வொரு சைக்கிளின் சட்டத்திலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். சீட்டுக்குக் கீழுள்ள குழாயின் தலைப்பிலோ, பெடல் அச்சு பொருந்தும் குழாயின் அடிப்புறத்திலோ பெரும்பாலும் அதைக் காணலாம். சைக்கிள் வாங்கிய அன்றே அந்த எண்ணை வீட்டுக் கணக்குப் புஸ்தகத்தில் எழுதி, பில்லையும் பத்திரப்படுத்தி, வண்டியையும் எண்ணையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். முன்னாளில் பல நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கித் தகட்டு வில்லை கொடுத்தன. அவ்வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டபடியால், இந்த எண்ணே இன்று நம் வண்டியின் ஜாதகம்.

மற்றோர் உபாயமும் உண்டு. பெயர், விலாசம் எழுதிய காகிதத்தைப் பிளாஸ்டிக்கில் சுருட்டி, சீட்டைக் கழற்றி அதன் குழாய்க்குள் போட்டு வைத்தால், திருடன் எத்தனை வர்ணம் பூசினாலும் வண்டி யாருடையது என்று அது சாட்சி சொல்லும். சீட்டுக்கு அடியில் மறைத்து வைக்கும் கண்டுபிடிப்பு வில்லைகளும் சில ஆண்டுகளாகக் கடைகளில் விற்கின்றன. அது காட்டும் இடத்திற்குத் தனியே ஓடாமல் போலீஸோடு செல்வதே புத்தி.

எண்ணை எழுதி வைப்பது வண்டியை மீட்பதற்கு மட்டுமன்று. நிரபராதியைக் காப்பதற்கும் உதவும் என்பதை ஒரு சம்பவத்தால் அறிந்தேன். நம்மவர் ஒருவரின் மகள் டியூஷனுக்குப் போன இடத்தில் அவளுடைய சைக்கிள் களவு போயிற்று. நான்காம் நாள் பக்கத்துப் பஸ்தியைச் சேர்ந்த வங்காளிப் பையன் ஒருவன் அதேபோன்ற வண்டியில் வந்தான். அதே கம்பெனி, அதே நிறம், அதே கூடை. தந்தை அவனைப் பிடித்து நிறுத்தினார். ஐந்து நிமிஷத்தில் முப்பது பேர் கூடினர். நம்மவர் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். பையன் அழத் தொடங்கினான். கூட்டத்தில் ஒருவர் கையும் ஓங்கிவிட்டார்.

அச்சமயம் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர், நம் பெரியவர், முன்னே வந்தார்.

"தம்பி, உங்கள் வண்டியின் நம்பர் என்ன?" என்றார்.

"நம்பரா? பில்லில் இருக்கும் ஐயா. ஆனால் இது எங்கள் வண்டிதான், பார்த்தாலே தெரிகிறதே!"

"பார்த்தாலே தெரிகிற பொருளுக்கு நம்பர் எதற்குப் போட்டிருக்கிறான்? யாராவது போய்ப் பில்லைக் கொண்டு வாருங்கள். அதுவரை இந்தப் பிள்ளைமேல் ஒருவரும் கை வைக்கக் கூடாது."

பில் வந்தது. வண்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்து எண்ணைத் துடைத்துப் படித்தனர். ஒன்றும் ஒத்துவரவில்லை. தந்தை தலைகுனிந்து அப்பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பெரியவர் அவனைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று காபி கொடுத்து அனுப்பினார். அன்று அந்தப் பில் மட்டும் கிடைக்காமற் போயிருந்தால், ஒரு சிறுவன் செய்யாத குற்றத்திற்கு அடிபட்டிருப்பான். பல வருஷங்களாய் அண்டை அயலாராய் வாழ்ந்த இரு சமூகத்தாரிடையே ஆறாத வடு விழுந்திருக்கும். அப்பெண்ணின் சைக்கிள் இன்றுவரை கிடைக்கவில்லை. எனினும் அதைவிடப் பெரிய நஷ்டமொன்று தடுக்கப்பட்டது. அந்நிய மண்ணில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தைப்போன்ற காவல் வேறில்லை.

களவு போனால்?

முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். யாரேனும் வழிக்கு இடைஞ்சலென்று நகர்த்தி வைத்திருக்கலாம். இல்லையென்று உறுதியானால் அன்றே தாணாவுக்குச் செல்ல வேண்டும். பாஷை தெரியாதே என்று நம்மவர் பலர் தயங்கி நின்றுவிடுகின்றனர். வங்காளியோ ஹிந்தியோ எழுதத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதில் குறைவொன்றுமில்லை. ஸ்டேஷன் எல்லைக்குள் களவு போனால் அரசு ரயில்வே போலீஸிடம் பிராது கொடுக்க வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படை என்பது வேறு. ரயில்வேயின் சொத்தைக் காப்பது அதன் முக்கிய வேலை.

பிராதில் எழுத வேண்டியவை: வண்டியின் கம்பெனி, நிறம், சட்டத்தின் எண், அடையாளங்கள், வாங்கிய தேதி, இன்றைய மதிப்பு, நிறுத்திய இடமும் நேரமும், என்ன பூட்டு, கண்டவர் உண்டா என்பன. 'தொலைந்து போயிற்று' என்று எழுதலாகாது; 'திருடு போயிற்று' என்றே எழுத வேண்டும். தொலைந்ததற்கு ஜி.டி. எண் ஒன்றைக் குறித்துக் கொடுத்து அனுப்பிவிடுவர். திருட்டுக்குத்தான் வழக்கு உண்டு.

சட்டத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள மாறுதலையும் அறிந்திருப்பது அவசியம். பழைய பீனல் கோடுக்குப் பதிலாக வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 303-ம் பிரிவின்படி, திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பொருளின் மதிப்பு ரூ. 5,000-க்குக் குறைவாயிருந்து, முதல் குற்றமாயிருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனை. அத்துடன், ரூ. 5,000-க்குக் குறைந்த திருட்டில் போலீஸார் தாமாகவே வழக்குப் பதிந்து புலன் விசாரிக்க இயலாது. தகவலைப் பதிவு செய்துகொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வர். பழைய சைக்கிள்கள் பல இவ்வரம்புக்குள் வந்துவிடும். எனவே பில்லும், பின்னர் மாட்டிய உதிரி பாகங்களின் ரசீதும் கையிலிருந்தால், உண்மையான மதிப்பை உண்மையாகவே நிரூபிக்கலாம். வீட்டுக்குள்ளிருந்து களவு போயிருந்தால் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும்; குடியிருக்கும் கட்டிடத்தில் நடக்கும் திருட்டு 305-ம் பிரிவின்படி ஏழு வருஷம் வரை தண்டனைக்குரியது.

போலீஸார் வழக்குப் பதியத்தக்க குற்றமானால், எந்தத் தாணாவின் எல்லையில் நடந்திருந்தாலும் எந்தத் தாணாவிலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் முதலிய வழிகளில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமை நமக்கு உண்டு. பொரோபாபு மறுத்தால், தகவலை எழுதி மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். வண்டி மீட்கப்பட்டால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற்று, வழக்கு முடியும் முன்பே அதை நம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். கைப்பற்றிய பொருள்களைத் தாணாவில் நெடுநாள் போட்டு வைக்கலாகாதென்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட் கூறியுள்ளது.

கடைசியாக ஒன்று. திருட்டுச் சைக்கிள் விலை போவதால்தான் திருடுகிறார்கள். பாதி விலைக்கு, பில் இல்லாமல், அவசரமாக விற்க வரும் சைக்கிளை நாம் வாங்கினால், இன்னொரு வீட்டு அண்ணாச்சியின் பிழைப்பை வாங்கியவராவோம். களவுப் பொருளென்று தெரிந்து வாங்குவோருக்கும் 317-ம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. விற்பவரின் பெயர், விலாசம், சட்டத்தின் எண் ஆகியவை கண்ட ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்குக.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு துணியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குச் செல்லுங்கள். வண்டியைக் கவிழ்த்து, அழுக்கைத் துடைத்து, அதன் எண்ணைக் கணக்குப் புஸ்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். காசு செலவில்லாத இந்தக் காரியத்தை இன்றே முடித்துவிட்டு, நல்ல பூட்டை அடுத்த சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.